மூன்றாம் இலக்க மவுண்டின் அடிப்பக்கம்

கோயில் ஆண்டு மலருக்கு உங்கள் வேலை அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, எனக்கு எழுத வராது என்று மறுத்துவிட்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வாழ்நாளில் அதிகம் எழுதியது சோதனைத் தாள்கள்தான். ஆனால் போன கிழமை ஜனனி ரெலிபோன் எடுத்தாள். நான் இருபத்திரண்டு வருசம் வேலை செய்த தொழிற்சாலையில் அவள் இப்போது என்ஜினியர்.

"அங்கிள், புது மெஷின் வந்திட்டுது. மவுண்டைப் பூட்டிவிட்டா, துவக்கு உதைக்கிற மாதிரி அதுவே உதைச்சு உதைச்சுப் பாக்கும். இனி ரேஞ்சுக்குப் போய்க் குளிருக்கை நிக்கத் தேவையில்லை."

நல்லது பிள்ளை என்றேன். மெஷினுக்கு வெட்கம் வராது. எனக்கு வந்த வெட்கத்தால் ஒரு மனிதனின் வேலை போகப் பார்த்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் மவுண்ட் என்றால் என்னவென்று சொல்ல வேண்டும். வேட்டைத் துப்பாக்கியின், எங்கள் பேச்சில் துவக்கின், முதுகில் குறி பார்க்கிற தொலைநோக்கி ஒன்று இருக்கும். அதைத் துவக்கோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கிற உலோகப் பிடிதான் மவுண்ட். அது மயிரளவு அசைந்தாலும் நூறு மீற்றருக்கு அப்பால் வெடி ஒரு சாண் விலகிப் போகும். மான் சாகாமல் காயத்தோடு காட்டுக்குள் ஓடி மூன்று நாள் கிடந்து சாகும். அல்லது வெடி போகக் கூடாத இடத்துக்குப் போகும். அதனால் ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்து மவுண்டை எடுத்து, சுடுகிற மைதானமான ரேஞ்சுக்குக் கொண்டுபோய், துவக்கில் பூட்டிச் சுட்டுப் பார்க்காமல் நாங்கள் வெளியே விடுவதில்லை.

நான் மொன்றியலுக்கு வந்து பார்க் எக்ஸ்டென்ஷனில் நாலு பேரோடு ஒரு அறையில் இருந்தது, சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவியது, பிறகு இந்தத் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டச் சேர்ந்தது எல்லாம் இங்கே எல்லாருக்கும் உள்ள கதை. ஆறு வருசம் பெட்டி ஒட்டினேன். கை சுத்தமான ஆள் என்று சோதனைப் பகுதிக்கு எடுத்தார்கள். வீட்டில் வந்து சொன்னதும் என் மனுசி கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தா.

"இஞ்சாருங்கோ, துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இப்ப நீங்கள் துவக்குக்கு ஆணி பூட்டப் போறியளோ?"

"மான் சுடுற துவக்கப்பா."

"மானுக்கும் தாய் தேப்பன் இருக்கும்," என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் சாப்பாடு கட்டித்தான் தந்தா.

சோதனைப் பகுதிக்குப் பெரியவர் மொசியூ றெனே. இராணுவத்தில் துவக்கு திருத்தி ஓய்வு பெற்றவர். கழுத்தில் ஒரு நூலில் பேனை தொங்கும். பென்சில் அவருக்கு ஆகாது, அழிக்கலாம் என்பதால். முதல் நாள் ரேஞ்சில் அவர் முதல் வெடி சுட்டதும் நான் என்னை அறியாமல் நிலத்தில் முகம் குப்புறப் படுத்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கை கொடுத்துத் தூக்கவும் இல்லை. நான் நானாக எழும்பி முழங்கால் மண்ணைத் தட்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "எழுது. முதல் வெடி, எட்டு மணி ஐந்து நிமிடம்," என்றார். அன்றிலிருந்து எனக்கு அந்த மனிதனில் பயமும் மரியாதையும்.

அவருடைய சட்டம் ஒன்றுதான். முதலில் எழுது, பிறகு கதை. கண்ணால் கண்டதைத் தாளில் மையால் எழுதுமட்டும் ரேஞ்சில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. கதைத்தால் கண்டது மாறிவிடும் என்பார். ஒருமுறை ஒரு பெடியன் சுடும் இடையில் இளகின ஸ்குறூ ஒன்றை எழுதாமல் இறுக்கிவிட்டான். நல்ல பிள்ளை, உதவி என்று நினைத்துச் செய்தது. அன்று பின்னேரமே றெனே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். திரும்பி வரவே இல்லை.

வேலை இப்படித்தான் நடக்கும். முதல் நாள் நான் தொகுதியில் இருந்து ஐந்து மவுண்டை எடுத்து, இலக்கம் போட்டு, பெட்டியில் வைப்பேன். அடுத்த நாள் ரேஞ்சில் துவக்கின் மேற்பக்கத்தை ஸ்பிரிற்றால் துடைத்து, மவுண்டை வைத்து, டொர்க் சாவியால் இறுக்குவேன். வேண்டிய அளவு இறுகினதும் அந்தச் சாவி 'கிளிக்' என்று சொல்லும். பிறகு ஒவ்வொரு ஸ்குறூவின் தலைக்கும் மவுண்டுக்கும் குறுக்கே மஞ்சள் மையால் ஒரு மெல்லிய கோடு. சாட்சிக் கோடு என்று அதற்குப் பெயர். ஸ்குறூ துளி திரும்பினாலும் கோடு உடைந்து காட்டும். றெனே சுடுவார். ஒவ்வொரு மவுண்டுக்கும் அறுபது வெடி. பத்து வெடிக்கு ஒருமுறை நான் தூரக் கண்ணாடியால் இலக்குத் தாளைப் பார்த்து எழுத வேண்டும்.

இனி மரியதாஸ். மன்னார்ப் பக்கம், வேதக்காரன். என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. மவுண்டை உலோகக் கட்டியில் இருந்து வெட்டி எடுக்கிற மெஷின் அவனுடைய பொறுப்பு. நான் றொக்ஸ்பரோவில் வீடு வாங்கிப் போன பிறகும், காலையில் பார்க் எக்ஸ்டென்ஷனுக்குப் போய் அவனை ஏற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போவேன். வழிமுழுக்க பகிடிதான். "அண்ணை, உங்கடை பிள்ளையாருக்கும் எங்கடை அந்தோனியாருக்கும் இடையிலை என்ரை சீவன் போகுது. கொஞ்சம் மெதுவா ஓடுங்கோ," என்பான்.

அந்த வருசம் அவனுக்குப் பகிடி குறைந்திருந்தது. கோடையில் அவன் வெட்டின ஒரு தொகுதி அளவு பிழைத்துத் திரும்பி வந்தது. இன்னொன்று பிழையாகிப் போனால் வேலை இல்லை என்று எழுத்தில் கொடுத்திருந்தார்கள். ஊரில் இருந்து மனுசியையும் மகளையும் கூப்பிடுகிற பேப்பர் அப்போதுதான் ஓடிக்கொண்டிருந்தது. குடிவரவுக்காரர் வேலைக் கடிதம் கேட்டிருந்தார்கள். மகளை அவன் கடைசியாகக் கண்டது அவள் தவழ்ந்த வயதில்.

மான் வேட்டைக் காலத்துக்கு முந்திய தொகுதியைச் சோதிக்க றெனே நாள் குறித்தார். அதற்கு முதல் நாள் ஆயுத பூசை.

நாங்கள் அந்த நாளில், செய்கிற தொழிலின் சாமானுக்குச் சந்தனம் வைத்துக் கும்பிடுகிறவர்கள். டொர்க் சாவி கொம்பனிச் சாமான், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதனால் ஒவ்வொரு வருசமும் கோயில் சந்தனத்தை ஈயத்தாளில் சுற்றிக் கொண்டுபோய், வேலை முடிந்து மற்றவர்கள் உடுப்பு மாற்றப் போன நேரம் பார்த்துச் சாவியில் ஒரு பொட்டு வைப்பேன். வெளியே தெரிய வைப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நெற்றியில் மா பட்டிருக்கிறது என்று ஒரு பெண் பிள்ளை அன்பாகக் கடதாசி எடுத்துத் தந்தாள். திருநீற்றை நானே துடைத்தேன். அன்று தொடக்கம் காரிலேயே நெற்றியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

அன்றைக்கு மரியதாசின் நிலைமையை நினைத்து, சாவிக்கு மட்டுமில்லாமல் அவன் வெட்டின மவுண்டுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். கையில் அகப்பட்டது மூன்றாம் இலக்கம். ஒருவர் கண்ணிலும் படக் கூடாது என்று திருப்பி அடிப்பக்கத்தில் வைத்தேன். தாராளமாகவே வைத்தேன். காலையில் துடைத்துவிடலாம் என்று நினைப்பு.

அடிப்பக்கம்தான் துவக்கில் பதிந்து இருக்கிற பக்கம். இத்தனை வருசம் அந்த வேலை செய்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். கும்பிடுகிற நேரம் அது எனக்கு மவுண்டாகத் தெரியவில்லை.

அடுத்த நாள் கடும் குளிர். அக்டோபரிலேயே உறைபனி விழுந்திருந்தது. வெட்டினவனும் வந்து பார்க்க வேண்டும் என்பது றெனேயின் வழக்கம் என்பதால் மரியதாசும் வந்தான். ரேஞ்சுக்குச் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பாலம் தாண்டி இன்னும் மேற்கே போக வேண்டும். ரேஞ்சில் சிவப்புக் கொடி ஏறினால் சுடலாம். நாலு மணிக்கு அது இறங்கிவிடும்.

முதலாம் இலக்கம் அறுபது வெடியும் ஒரு ரூபாய்க் குத்திக் காசின் அகலத்துக்குள் விழுந்தது. இரண்டாம் இலக்கமும் அப்படியே. மரியதாஸ் என் பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தபடி, கையுறைக்குள் செபமாலை உருட்டுவது எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் இலக்கத்தைக் கையுறையோடு எடுத்துத் துவக்கில் வைத்தேன். துடைக்க நினைத்தது மறந்தே போயிருந்தது, திருப்பிப் பார்க்கவில்லை. சாவி கிளிக் என்றது. கோடு போட்டேன். நாற்பது வெடிவரை ஒன்றுமில்லை. நாற்பத்திரண்டாவது வெடிக்கு றெனே கண்ணை எடுத்தார். மறுபடி சுட்டார். மறுபடி. மூன்று வெடியும் வலப்பக்கமாக ஒரு கை அகலம் விலகி விழுந்திருந்தன.

"எழுது," என்றார்.

எழுதினேன். பேனை மை குளிரில் இறங்கவில்லை, ஊதி ஊதி எழுதினேன். றெனே மவுண்டைத் தொட்டு அசைத்தார். அசைந்தது. சாட்சிக் கோடுகளைப் பார்த்தார். ஒரு கோடும் உடையவில்லை.

ஸ்குறூ திரும்பாமல் மவுண்ட் இளகுவதென்றால் ஒரே காரணம்தான். அடிப்பக்கம் துவக்கில் சரியாகப் பதியவில்லை. அடிப்பக்கம் சரியில்லை என்றால் வெட்டினது பிழை. றெனே மரியதாசை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். அந்த நேரம்தான் எனக்கு விரல் நுனியில் சந்தனம் ஞாபகம் வந்தது.

ரேஞ்சில் பிழையான எதையும் கழற்றக் கூடாது. பிழைத்ததைத் துவக்கோடு பையில் போட்டு முத்திரை வைத்து, அடுத்த நாள் முதலாளி முன்னால்தான் கழற்றுவது. சந்தனம் உதிர்ந்து தூளாகிப் போயிருக்கும், ஒருவருக்கும் தெரிய வராது என்று ஒரு மனம் சொன்னது. சொன்னால் அந்தப் பெடியனைப் போல நீயும் வீட்டுக்குத்தான் என்று அதே மனம் சொன்னது. சாமி காரியத்தை ஊத்தை என்று தாளில் எழுதுவார்களே என்றும் சொன்னது. நான் பேசாமல் மற்றத் துவக்கில் நாலாம் இலக்கத்தைப் பூட்டினேன். பிறகு ஐந்தாம் இலக்கம். இரண்டும் அசையவில்லை. மரியதாஸ் அதைப் பார்க்கவேயில்லை. ஐந்தில் ஒன்று பிழைத்தால் தொகுதி முழுவதும் பிழை என்று அவனுக்குத் தெரியும்.

மத்தியானம் ரேஞ்சுக் குடிலில் அடுப்படியில் இருந்தோம். என் மனுசி இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்டின இடியப்பம் அப்படியே இருந்தது. றெனேயின் ரெலிபோன் அடித்தது. முதலாளி. பெட்டி எல்லாம் கட்டி லொறியும் வந்து நிற்கிறது, என்ன முடிவு என்று கேட்டிருக்க வேண்டும். "இன்னும் முடியவில்லை," என்று வைத்துவிட்டார்.

மரியதாஸ் மெல்லமாகச் சொன்னான். "அண்ணை, கோப்பை கழுவுற இடத்திலை இன்னும் ஆள் எடுக்கினமோ? உங்கடை பழைய முதலாளியைக் கேட்டுப் பாருங்கோவன்."

பகிடியாகத்தான் சொல்லப் பார்த்தான். நான் எழும்பி றெனேயிடம் போனேன்.

"மொசியூ, மூன்றாம் இலக்கத்தின் அடியில் நான் ஒரு பொருள் பூசினேன்."

"என்ன பொருள்?"

"சந்தனம். ஒரு மரத்தை அரைத்த குழம்பு. கும்பிடுவதற்கு."

"ஏன் அடியில்?"

"ஒருவரும் பார்க்கக் கூடாது என்று."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கழுத்துப் பேனையைக் கழற்றி நீட்டினார். "எழுது."

எழுதினேன். எனக்குப் பின்னால் மரியதாஸ் எழும்பின சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

றெனே வாசித்துவிட்டு, "இது நீ சொல்வது. துவக்கு இன்னும் சொல்லவில்லை," என்றார். "நண்பனைக் காப்பாற்ற ஒருவன் என்னவும் சொல்லலாம். சந்தனம் இன்னும் இருக்கிறதா?"

காரில் ஈயத்தாளில் மிச்சம் இருந்தது. இறுகிப் போயிருந்ததைத் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். றெனே, தேவைப்படலாம் என்று கொண்டுவந்திருந்த அதே தொகுதியின் மேலதிகப் பெட்டியில் இருந்து புதிதாக இரண்டு மவுண்ட் எடுத்தார். ஒன்று சுத்தமாக. மற்றதற்கு, "முந்தி வைத்த மாதிரியே வை. அதே விரல், அதே இடம்," என்றார். பிரசாதத்தை, மவுண்ட் இளகிப் போவதற்காகப் பூசினேன்.

சுத்தமானது அறுபது வெடியும் அசையவில்லை. பிறகு சந்தனம் வைத்தது. செய்த வேலை நிலைக்க வேண்டும் என்று கும்பிட்டே பழகின நான், பிள்ளையாரே இது கழன்று போகட்டும் என்று முதல்முறையாகக் கும்பிட்டேன். நாற்பது. நாற்பத்திரண்டு. ஐம்பது. அறுபது. மயிரளவும் விலகவில்லை.

"எழுது. அசைவில்லை."

நான் எழுதினேன். மரியதாஸ் வெளியே போய்ப் பனி மூடின புல்லில் முதுகு காட்டிக்கொண்டு நின்றான். நான் பொய் சொன்னதாகத் தாள் சொல்லிவிட்டது. நான் பூசினது உண்மை. பிழைத்ததும் உண்மை. பிறகு ஏன்?

நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றபோதுதான் பிடிபட்டது. ஈரச் சந்தனம் நெற்றியில் நிற்கும், வழியும், தேய்த்தால் பரவும். காய்ந்த பிறகுதான் நெற்றியைச் சுருக்க உதிரும். முதல் நாள் பின்னேரம் வைத்தது காலைக்குள் காய்ந்து கட்டியாகியிருந்தது. அதன் மேல் மவுண்ட் ஏறி இருந்திருக்கிறது. உதை விழ விழ அது தூளாகி, கீழே இடம் விட்டிருக்கிறது. இப்போது பூசினது ஈரம். இறுக்கினதும் பக்கத்தால் பிதுங்கி, உலோகம் உலோகத்தில் போய் இருந்துவிட்டது.

"மொசியூ, காய வேண்டும்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு மணி. வேறு யாராக இருந்தாலும் போதும் என்றிருப்பார்கள். அவர் இன்னொரு மவுண்ட் எடுத்துத் தந்து, குடிலின் அடுப்புக்கு முன்னால் ஒரு கதிரை இழுத்துப் போட்டு, அதற்குப் பக்கத்தில் தானும் இருந்தார். நான் களவாகத் துடைத்துவிடுவேனோ, கூடப் பூசிவிடுவேனோ என்று காவல். ஒரு மணித்தியாலம் மூன்று பேரும் ஒரு பொட்டுக் காய்வதைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மஞ்சள் ஓரத்தில் இருந்து வெளிறி வந்தது. குடில் முழுக்கச் சந்தன வாசம். றெனே ஒருமுறை மூக்கை உறிஞ்சினார்.

மூன்றேகாலுக்குப் பூட்டினேன். கிளிக். மஞ்சள் கோடு. துவக்கு ஆற நேரம் விட்டு விட்டுத்தான் சுடலாம். கொடி இறங்க முக்கால் மணித்தியாலம் இருந்தது. பத்து. இருபது. மரியதாஸ் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். அவனுடைய மூச்சு என் காதுமூடிக்குள்ளும் கேட்கிற மாதிரி இருந்தது. முப்பது. முப்பத்தைந்து.

முப்பத்தேழாவது வெடி வலப்பக்கம் ஒரு கை அகலம் தள்ளி விழுந்தது. அடுத்த இரண்டும் அப்படியே. றெனே மவுண்டைத் தொட்டார். அசைந்தது. கோடு உடையவில்லை.

"எழுது," என்றார். குரலில் எந்த மாற்றமும் இல்லை.

பிறகு, தன் சட்டத்தை முதல்முறையாகத் தானே மீறி, அங்கேயே மவுண்டைக் கழற்றினார். அடியில் இருந்து வெண்மஞ்சள் தூள் அவருடைய உள்ளங்கையில் கொட்டியது. அதை மரியதாசுக்கு நீட்டிக் காட்டினார். "உன் வேலை சரி," என்றார். அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

தாளின் கீழே இரண்டு கட்டம் உண்டு. பிழையைக் கண்டுபிடித்தவர் ஒன்று, பிழைக்குக் காரணமானவர் மற்றது. றெனே இரண்டையும் விரலால் தொட்டுக் காட்டினார். இரண்டிலும் என் பெயரை எழுதினேன். மூன்று மாதம் என்னைத் திரும்பப் பெட்டி ஒட்ட விட்டார்கள். அது நியாயம். மவுண்டை வைக்க முன் அடிப்பக்கத்தையும் துடைத்து, துடைத்தவர் கையெழுத்து வைக்க வேண்டும் என்று தாளில் ஒரு வரி கூடியது.

திரும்பி வரும்போது சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பாலத்தில் ஏறினதும் மரியதாஸ் என் பக்கம் திரும்பினான். நன்றி சொல்லப் போகிறான் என்று நான் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

"எப்ப தெரியும் அண்ணை?"

"எது?"

"சந்தனம்தான் எண்டு."

"நாப்பத்திரண்டாவது வெடியிலை."

"அப்ப நாலும் அஞ்சும் சுட்டு முடியுமட்டும் உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"ஒண்டரை மணித்தியாலம்."

"ஓம் மரியதாஸ்."

"நான் உங்களுக்குப் பக்கத்திலை இருந்தனான் அண்ணை. பிள்ளைக்கு என்னத்தைச் சொல்லிறதெண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான்."

வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. வாகன நெரிசலில் நின்று நின்று வந்தோம். வேலை போய்விடும் என்ற பயத்தில் பேசாமல் இருந்தேன் என்று சொல்லலாம். அது பாதி. மற்றப் பாதி, சாமி கும்பிடுகிறவன் என்று தெரிந்துவிடுமே என்ற வெட்கம். அந்த வெட்கத்துக்கு ஒருவனுடைய மனுசி பிள்ளையை விலையாகக் கொடுக்கப் பார்த்தேன். சந்தனத்துக்காக நான் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அது அன்போடு வைத்தது. அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்காக இன்றைக்கும் விளக்கு வைக்கும்போது கேட்கிறேன்.

பார்க் எக்ஸ்டென்ஷனில் அவனுடைய வீட்டு வாசலில் நிறுத்தினேன். வழக்கமாகச் சொல்கிற 'போட்டு வாறன் அண்ணை' இல்லை. கதவை அறைந்து சாத்தாமல் மெதுவாகச் சாத்தினான், அதுதான் எனக்கு அதிகம் நொந்தது. வெளிப்படியில் பாதி ஏறினவன் நின்றான். திரும்பி இறங்கி வந்து கண்ணாடியில் தட்டினான். இறக்கினேன்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு வருவியள்?"

"ஆறு இருபதுக்கு."

"பிந்தாமல் வாங்கோ," என்றுவிட்டுப் படியேறிப் போனான்.

அடுத்த நாள் நான் ஆறு மணிக்கே போய் அவன் வாசலில் நின்றேன்.